கருமாதிக்குப் பிறகு வந்தவள்

தை 5, சனி

கடும் பனி. கரும்புச் சோகை பரப்பி அதன்மேல் சாக்கு. இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்திருப்பது ஆலைக் கொட்டகையில். பிறந்த வீட்டு வாசல் இங்கிருந்து முப்பது அடி.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் எதையாவது எடுத்து யார் மேலாவது எறிந்துவிடுவேன்.

புதுச்சேரித் துறையில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, பாகூர் ஏரிக்கரை வழியாக ஊர். எட்டு மாதம் கழித்து. வாசலில் அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் கை நழுவியது. முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள், தரையில் படுகிறதா என்று. பிறகுதான் குரல் வந்தது.

"இங்க வாங்களேன். அபரஞ்சி வந்து நிக்கிறா. செத்துப்போன அபரஞ்சி."

யாரும் தடுப்பதற்குள் கூடம் வரை போய்விட்டேன். சுவரில் என் படம். மாலை, அகல் விளக்கு. நோட்டீஸுக்காக ரங்கூனில் எடுத்த ராணி வேடப் படம். கிரீடம் தெரியாமலிருக்கச் சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் அப்பியிருக்கிறார்கள். செத்த பிறகும் நான் நாடகக்காரியாக இருந்துவிடக் கூடாது.

விஷயம் இது. ஆவணியில் சைகோனிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் பனித்திட்டு கோவிந்தசாமி, அங்கே ஒரு பாங்கியில் காவல் வேலை. நான் இறந்துபோனதாக அதில் இருந்ததாம். உடம்பு இல்லாததால் தர்ப்பையில் பொம்மை கட்டி எரித்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் கருமாதி. தங்கைக்கு அண்ணன் செய்வது வழக்கமில்லை. எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அண்ணனே மொட்டை போட்டுச் செய்தாராம். முடி இப்போதுதான் முளைத்திருக்கிறது, வெள்ளையாக.

கருமாதி ஆனவள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தைக் கழுவிவிட்டார்கள்.

என் சாமான்கள் போன இடம்:
பட்டுச் சேலை மூன்று, தானம்.
பித்தளைப் பானை, தானம்.
கட்டில், அண்ணியின் தம்பி வீட்டில்.
அப்பா எனக்கென்று விட்ட தெற்கு அறை, விதைநெல்.
புத்தகப் பெட்டி மட்டும் அப்படியே. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் மகள் செண்பகம் மட்டும் என் முகத்தையே பார்க்கவில்லை. சாப்பாட்டை இலையில் வைத்துக் கொட்டகை வாசலில் விட்டு ஓடுகிறாள். பயமாம். அவளுக்கு வாங்கி வந்த சிங்கப்பூர்ச் சேலை இன்னும் பெட்டியில்.

தை 6, ஞாயிறு

ஆலையில் பாகு காய்ச்சுகிறார்கள். வாசனை நன்றாக இருக்கிறது. கோபத்துக்கு நடுவே பசி.

அண்ணன் வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. குரல் வந்த பக்கமாகத் திரும்பி, என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். கூடவே ஐயர்.

"வழி இல்லாம இல்லம்மா," என்றார் ஐயர். "காரியம் ஆனவா திரும்பி வந்தா மறுபடியும் ஜனனம் பண்ணிக்கணும். அண்டாவுல உக்காத்தி வச்சு, வெளியில எடுத்து, தேன் தொட்டு வச்சு, வேற நாமகரணம். அப்புறம் பேஷா வீட்டுக்குள்ள போகலாம்."

"எனக்கு நாப்பத்தி நாலு வயசு சாமி."

"சாஸ்திரத்துக்கு வயசு கெடையாது."

அண்ணன் பெயர்கூடப் பார்த்து வைத்திருக்கிறார். தனலட்சுமி. பிறகு அதோடு இன்னொன்றையும் நுழைத்தார்.

"இனிமே நாடகம் வேணாம் அபரஞ்சி. சத்தியம் பண்ணிக் குடு. 17ந் தேதி செண்பகத்துக்குக் கல்யாணம். வில்லியனூர் எடம். பையன் இஸ்கூல் வாத்தி. நீ வந்துட்டேன்னு கேள்விப்பட்டு அவங்க வூட்ல ஒரே பேச்சு. சடங்கு பண்ணலன்னா தாலி கட்ட வர மாட்டோம்ன்றாங்க."

"நா செத்ததுக்கு அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

கொட்டகை வாசலிலிருந்து அண்ணி சொன்னாள். "அப்ப ஒண்ணும் சொல்லல. சந்தோஷமாத்தான் தாம்பூலம் மாத்திக்கினாங்க."

புரிந்தது. ஆவணியில் கடிதம், ஐப்பசியில் நிச்சயம்.

போகச் சொன்னேன். இரண்டு பேரையும்.

தை 7, திங்கள்

யாருடனும் பேசவில்லை.

இதுவரை நான் செத்த ஊர்கள்: ரங்கூன், மாந்தலே, கொழும்பு, பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், சைகோன். மூன்றாம் அங்கத்தில் விஷம் குடிக்கும் ராணி. நாற்காலியிலிருந்து சரிந்து, ஒரு விருத்தம் பாடி, கை தளர்ந்து சாக வேண்டும். சைகோனில் 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். எழுந்து, நாற்காலியைச் சரி செய்து, மறுபடி குடித்து, மறுபடி செத்தேன். புதுச்சேரிக்காரர்கள் நிறைந்த கொட்டகை. வரி ஆபீஸ் குமாஸ்தாக்கள், காவல்காரர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள். அத்தனை பேரும் அழுதார்கள். திரை விழுந்ததும் நான் எழுந்து போய்க் காப்பி குடித்தேன். அதுதான் இந்தத் தொழிலின் சௌகரியம்.

இங்கே எனக்குத் திரை போட ஆளில்லை.

அப்பா பிரெஞ்சுக் கோர்ட்டில் துபாஷி. சொந்தக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க என்னை மதராஸ் காலேஜில் இரண்டு வருஷம் படிக்க வைத்தார். பிறகு புதுச்சேரியில் பள்ளி வாத்தியார் வேலை. நாடக வசனத்தைத் திருத்தமாக எழுதித் தர ஆள் வேண்டும் என்று கம்பெனியார் வந்தார்கள். எழுதினேன். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் திரைக்கு முன்னால். இருபது வருஷம் ஆயிற்று. என்னுடையது நல்ல குரல் இல்லை, உச்சரிப்பு நல்லது. பத்திரிகையில் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு அது போதும்.

இந்த முறை கப்பலில் ஏறும்போதே நாடகக் கண்டிராக்டரிடம் சொல்லிவிட்டேன், இதுதான் கடைசி என்று. தெற்கு அறை, ஜன்னல், புத்தகப் பெட்டி. அதை நினைத்துக்கொண்டுதான் ஏழு நாள் கடலில் வாந்தி எடுத்தேன். இப்போது அங்கே விதைநெல் இருக்கிறது.

கண்டிராக்டர் விடவில்லை. இன்று அவரிடமிருந்து சீட்டு: '13ந் தேதி கப்பல். உங்களுக்கு இடம் பிடித்தாயிற்று. வராவிட்டால் முன்னதாகத் தகவல்.' வர முடியாது என்று பதில் எழுதினேன். அனுப்பவில்லை. பெட்டியில் கிடக்கிறது.

ஆனால் ஒன்று நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஐப்பசியில் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்கு எழுதினேன். நன்றாக இருக்கிறேன், தையில் வருகிறேன் என்று. அந்தக் கடிதம் எங்கே? தபாலில் தொலைந்துபோய்விட்டதாம். அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றுகிறது. தெரிந்தே பொம்மை கட்டி எரித்திருக்கிறார். நாடகக்காரத் தங்கையைவிடச் செத்த தங்கை சௌகரியம்.

தை 8, செவ்வாய்

பனித்திட்டு போய் வந்தேன். கோவிந்தசாமி லீவில் வந்து நாலு நாள். படகடியில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். இந்த ஊர்களில் என்னைப் பார்த்துப் பயப்படாத முதல் ஆள்.

"வாங்கம்மா. உங்களுக்குக் கருமாதி பண்ணிட்டாங்களாமே. வந்ததும் கேட்டேன், எனக்கு ஒண்ணுமே புரியல."

"நீங்க எழுதின கடிதத்தாலதான்."

"நா இன்னா எழுதினேன்? நாடகம் பாத்ததை எழுதினேன். அந்தம்மா விஷத்தைக் குடிச்சுச் செத்தாங்க, நாங்க எல்லாம் தேம்பித் தேம்பி அழுதோம்னு எழுதினேன். அதோட நிறுத்தினேனா? காயிதத்தைத் திருப்பி, மறுநாளு நம்ம வூட்டுக்குச் சாப்பிட வந்தாங்க, வஞ்சிரம் கொழம்பை ரெண்டாந் தடவ கேட்டு வாங்கினாங்க, சௌக்கியமா கீறாங்கன்னும் எழுதினேனே. முன்னாடி பக்கத்துல செத்தீங்க, பின்னாடி பக்கத்துல சாப்டீங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "நாடகம்னு மொதல்லியே எழுதக் கூடாதா?" என்றாள்.

"அபரஞ்சியம்மா சைகோனுக்கு வேற இன்னாத்துக்கு வருவாங்க? ஆப்பிள் விக்கவா?"

சிரித்துவிட்டேன். பிறகு வழி நெடுக அழுகை. அண்ணன் மேல் இருந்த கோபம் உறுதியாயிற்று. பின்பக்கத்தில் இருந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். பிறப்பு இறப்பு எழுதும் பிரெஞ்சு ஆபீஸான மேரியில் அண்ணன் என் சாவைப் பதியப் போனாராம். சைகோன் மேரியின் காகிதம் இல்லாமல் எழுத மாட்டோம் என்று துரத்திவிட்டார்களாம். ஆகையால் பிரெஞ்சுக் குடியரசுக்கு நான் உயிரோடு இருக்கிறேன். அண்ணன் சபாபதி வீட்டுக்குத்தான் இல்லை.

தை 9, புதன்

காலையில் அண்ணனிடம் கேட்டேன். அந்தக் கடிதத்தைக் காட்டு என்று. சண்டைக்குத் தயாராக இருந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன், வசனம் போல.

மாடத்தைத் தடவி எடுத்துவந்தார். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

"தெனம் இதைத் தொட்டுக் கும்பிடறேன்," என்றார். "மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. உன்ன நா காலேஜுக்கு அனுப்ப வேணாம்னு அப்பாகிட்ட சண்ட போட்டவன். அதுக்காகத்தான் சாமி இப்பிடிப் பண்ணுதுன்னு நெனச்சேன்."

"கடிதத்தை நீ படிச்சியா?"

"எனக்குக் கண்ணு எங்க தெரியுது. செண்பகம்தான் படிச்சா."

கடிதத்தை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் கோவிந்தசாமியின் கோணல் எழுத்து. வஞ்சிரம் குழம்பு, சௌக்கியம், கப்பல் தேதி, எல்லாம்.

அந்தப் பக்கத்தைத் துணிக்குள் வைத்து அண்ணன் ஐந்து மாதமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தை நான் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வசனம் எல்லாம் வீண்.

அந்தப் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். ரங்கூனிலிருந்து பாலபாடப் புத்தகம், பினாங்கிலிருந்து சிலேட்டு, கொழும்பிலிருந்து படம் போட்ட கதைகள். ஒவ்வொரு துறைமுகத்திலும் முதல் வேலை அதுதான்.

தை 10, வியாழன்

பனி குறைவு. செண்பகம் இலையை வைத்துவிட்டு ஓடுவதற்குள் கையைப் பிடித்தேன். உட்கார வைத்தேன். கடிதத்தைக் கொடுத்தேன்.

"படி."

"அத்தை."

"சத்தமா படி."

படித்தாள். நிறுத்தம், ஏற்றம், இறக்கம் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடி. 'எங்கள் கண் முன்னாலேயே செத்துப்போனார்கள்' என்ற இடத்தில் பக்கம் முடிகிறது. அங்கே நிறுத்தினாள்.

"திருப்பு."

திருப்பவில்லை. தலை குனிந்துகொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"நா வேணும்னு பண்ணல. அங்க வந்து மூச்சு வாங்கினேன். அதுக்குள்ள அப்பா ஓன்னு கத்திட்டாரு. அம்மா மாரடிச்சிக்கினு வுழுந்துட்டா. தெருவே கூடிப்போச்சு. நா திருப்பிப் படிச்சுப் பாத்தேன், மனசுக்குள்ள. சொல்லலாம்னு வாயத் தெறந்தேன். பக்கத்து வூட்டு அத்தை சொல்லுது, போனா போறா, இனிமே இந்தப் பொண்ணுக்கு ஒரு எடம் அமையும்னு."

"அதனால மூடிக்கிட்ட."

"மூணு எடம் வந்துச்சு அத்தை. மூணு பேரும் உன் பேரைக் கேட்டதும் காப்பியக்கூடத் தொடாம எழுந்து போனாங்க. ஒருத்தன் கேக்கறான், பொண்ணும் ஆடுமான்னு. நீ கப்பல்ல போயிக்கினே இருப்ப. இங்க நாந்தான் தெருவுல நடக்கறேன்."

"சிங்கப்பூர்லேருந்து நா எழுதினது?"

"வந்துச்சு."

"எங்க?"

"அடுப்புல."

அறைய வேண்டும் போலிருந்தது. கை எழுந்தது. மேடையில் எத்தனையோ பேரை அறைந்திருக்கிறேன், சத்தம் மட்டும் வரும்படி. அந்தக் கைக்கு நிஜமாக அடிக்கத் தெரியவில்லை.

தெருவில் நடப்பவள் அவள்தான் என்பது உண்மை. அதனால் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. கூடிற்று. வந்து பார்த்த மூன்று மடையர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. என்னைக் கொல்வது சுலபமாக இருந்திருக்கிறது.

"அப்பாகிட்ட சொல்லப் போறியா?" என்றாள்.

"நீயே வச்சுக்கோ" என்று கடிதத்தை அவள் மடியில் போட்டேன். எரிப்பாளோ வைத்திருப்பாளோ, அவள் பாடு.

மாலையில் அண்ணனிடம் சம்மதம் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்காக அழுதிருக்கிறார். அந்த ஒன்றுக்காக. சத்தியமும் செய்து கொடுத்தேன், இனி மேடை இல்லை என்று, அவர் உள்ளங்கையில் அடித்து. என் பக்கத்துக்குக் கேட்டது இரண்டு: தெற்கு அறை. கல்யாணத்தில் அத்தை முறைக்கு எல்லாருக்கும் முன்னால் நான் நிற்பேன்.

"நீ நிக்காம வேற யாரு நிப்பா?" என்றார். சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

தை 11, வெள்ளி

நடந்தது. எழுதப் பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

நெல் அவிக்கும் அண்டா. உள்ளே புகை வாசனை. முழங்காலை நெஞ்சோடு கட்டி, விரல்களை மூடி உட்கார வேண்டும். பேசக் கூடாது. சுற்றிலும் பெண்கள். ஒருத்தி, "கொழந்தைக்கு மூட்டு வலி இருக்கும்போல" என்றாள். சிரிப்பு. ஐயர் தண்ணீர் தெளித்தார். அண்ணி தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள்தான் தாயாராம், என்னைவிட இரண்டு வயது சிறியவள்.

"ஒரு தடவ அழணும்" என்றார் ஐயர்.

இருபது வருஷமாக, மணி அடித்தால் அழுதவள். இன்று வரவில்லை. வெறும் தொண்டைச் சத்தம். பெண்கள் ஏமாந்துபோனார்கள். அண்ணன்தான் அழுதார், தூணைப் பிடித்துக்கொண்டு.

முறத்தில் அரிசி பரப்பி அதன் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அத்தை சொல்வது முறை. எனக்கு அத்தை இல்லை. வீட்டுப் பெண் யாராவது, என்றார் ஐயர். நான் செண்பகம் இருந்த பக்கம் விரலை நீட்டினேன்.

வந்தாள். மஞ்சள் பாவாடை. என் காதோரம் குனிந்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை. நடுங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தனலட்சுமி. தனலட்சுமி. தனலட்சுமி."

தெளிவாக. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. ஒரு எழுத்து பிசகவில்லை. கம்பெனியில் எத்தனையோ பெண்களுக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு பிடிப்போடு முதல் நாளிலேயே சொன்னவள் ஒருத்திகூட இல்லை. குடும்பத்தில் இன்னொரு நாடகக்காரி இருக்கிறாள். யாருக்கும் தெரியாது.

முடிந்து எழுந்ததும் ஐயர் சொன்னார். "குழந்தைக்குப் பத்து நாள் தீட்டு உண்டு. மத்தவாளுக்கு நான் பரிகாரம் பண்ணிடறேன். ஆனா கல்யாணத்தன்னிக்கு நீங்க மட்டும் பந்தல் பக்கம் வராம தோட்டத்தோடயே இருந்துடுங்கோ."

அண்ணன் தூணை விட்டுவிட்டுத் தடவித் தடவி உள்ளே போனார்.

நான் செண்பகத்தின் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு கணம். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மறைக்கப் பார்த்தாள். மேடையாக இருந்தால் மறைத்திருப்பாள். இவ்வளவு பக்கத்தில் என் கண்ணுக்குத் தப்பாது.

கண்டிராக்டருக்கு எழுதிய பதிலைக் கிழித்தேன்.

தை 12, சனி

வண்டி சொல்லியாயிற்று. பெட்டி கட்டினேன். வேட்டி நுனி தடுக்க அண்ணன் ஓடிவந்தார். ஐயரும் தட்சிணை பாக்கிக்கு வந்து வீட்டில்தான் இருந்தார்.

"இன்னா இது? நேத்துத்தான சத்தியம் பண்ண."

"நேத்து இல்லண்ணா, முந்தாநேத்து. பண்ணவ அபரஞ்சி. அவளுக்குத்தான் ஆவணியிலயே கருமாதி ஆச்சு. நா தனலட்சுமி. பொறந்து ஒரு நாளு. நா யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கல."

அண்ணன் ஐயர் இருந்த பக்கம் திரும்பினார். ஐயர் விரல்களை மடக்கி நீட்டினார். மேலே பார்த்தார்.

"பூர்வ ஜன்மத்துல பண்ணின சத்தியம் கட்டாதுதான்," என்றார், மெதுவாக.

அண்ணி வாயில் முந்தானை. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அண்ணனுக்கென்று வாங்கி வந்த கண் மருந்தை அவர் கையில் வைத்து, காலையும் மாலையும் போடச் சொன்னேன். என் கையை விடாமல் பிடித்திருந்தார். "கண்ணு தெரிஞ்சா மொதல்ல அந்தக் காயிதத்தைப் படிக்கணும்" என்றார். நிலைப்படியில் நின்ற செண்பகத்தின் முகம் வெளுத்தது. சிங்கப்பூர்ச் சேலையை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"நல்ல குரல் உனக்கு," என்றேன்.

புத்தகப் பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. படத்தைக் கூடத்திலிருந்து நானே கழற்றினேன். கழுவிய கூடம்தான், பிறந்தவள் போகலாமே. சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டது. நகத்தால் சுரண்டச் சுரண்டக் கிரீடம் பாதிதான் வந்தது.

தை 13, ஞாயிறு. புதுச்சேரி

வெயில். கடலில் அலை அதிகம், படகில் போய்க் கப்பல் ஏறுவதற்குள் நனைந்துவிடும். புத்தகப் பெட்டிக்கு மேல் இரண்டு சாக்கு சுற்றினேன்.

வாங்க: இஞ்சி, எலுமிச்சை, தலைவலித் தைலம், மை.

துறையில் பேரேட்டோடு குமாஸ்தா.

"பேரு?"

"அபரஞ்சி."

"ஊரு?"

"பாகூர்."

"தொழிலு?"

"நாடகம்."

நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"பொறந்த தேதி?"

வெள்ளிக்கிழமை என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்பா மேரியில் எழுதி வைத்த தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டான். கையெழுத்துப் போடக் காகிதத்தை என் பக்கம் தள்ளினான். போடுவதற்கு முன்னால் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் ஒன்றும் இல்லை. போட்டேன்.

படகுக்குக் கூப்பிடுகிறார்கள்